மேல்மாடிக்கு விட்ட கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரும்பு அறுத்தார்கள். கட்டிங் மிஷின் கம்பியில் பட்டதும் தீப்பொறியோடு ஒரு கருகல் வாசனை கிளம்புமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் நான் வெள்ளானூரில் இல்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஓடுகிற சின்ன வயசுக்காரியாக இருந்தேன். அந்தத் தெருக்களில் காலை எட்டு மணிக்கே இந்த வாசனைதான்.

ஓட வைத்தது சங்கு. அது ஊதி முடிவதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் அரை நாள் போச்சு. எங்கள் கம்பெனி சின்னது. டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றி வார்னிஷில் முக்கி எடுப்போம். அந்த வார்னிஷ் வாசனை எந்தச் சோப்புக்கும் மசியாது. சோறு பிசைந்தால் சோற்றிலும் அடிக்கும். என் ஒரே மகள் நித்யா அப்போது குழந்தை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளங்கையை இழுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மடியில் உட்காருவாள். வாசனை சரியாக இருந்தால்தான் அம்மா என்று ஒத்துக்கொள்வாள் போல.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரே அறையில் இருந்தோம். ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு அடிபம்பு. மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் ஏறினால் ஸ்டவ்வைக் கட்டில் மேல் வைத்துச் சமைத்திருக்கிறேன். பிள்ளையை இப்படி வளர்க்கிறோமே என்று எனக்குக் குறுகுறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் குறுகுறுப்பு மத்தியானம் கம்பெனியில் டப்பாவைத் திறக்கும்போது போய்விடும். பக்கத்தில் ராஜேஸ்வரி அக்கா உட்காருவாள். ஆவடிக்காரி, மெதுவாகப் பேசத் தெரியாது. அடுத்தவர் டப்பாவில் கைவிட்டபடியே தினமும் ஒரு வசனம் விடுவாள்.

"நம்ம புள்ளைங்க இன்னா நம்ம மாதிரியா கஷ்டப்படப் போவுது? அதுங்க ராஜாவாட்டம் இருக்கும், பாத்துக்கினே இரு."

ஏன், எப்படி என்று யாரும் கேட்டதில்லை. ரசத்தில் உப்பு கம்மி என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவோமோ அப்படி ஆட்டிவிட்டு அடுத்த வாய்க்குப் போவோம்.

இந்த வெள்ளானூர் வீடு அந்தத் தலையாட்டலில் கட்டியதுதான். என் வீட்டுக்காரர் லேத்தில் வேலை பார்த்தவர். கீழே இரண்டு ரூம் எழுப்பவே எங்களுக்கு முழி பிதுங்கிவிட்டது. ஆனாலும் தூண் கம்பிகளைத் தளத்தோடு வெட்டாமல் இடுப்பளவுக்கு மேலே விட்டு வைத்தார், பிற்பாடு மேல்மாடி எழுப்பும்போது அதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று. நாங்கள் மட்டுமா? வயலை பிளாட் போட்டு விற்ற காலத்தில் இங்கே வந்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வாசக்கதவுக்கு பெயின்ட் அடிக்க வக்கிருக்காது, மொட்டை மாடியில் கம்பி மட்டும் ஜம்மென்று நிற்கும். துருப் பிடிக்கக் கூடாதென்று இவர் வருஷா வருஷம் சிமென்ட் பால் குழைத்துத் தடவுவார். பாப்பாவின் பிள்ளைகளுக்கு என்பார். பாப்பாவுக்கு அப்போது பால்பல்லே விழவில்லை.

சரி, கம்பியை ஏன் அறுத்தோம் என்று சொல்லவே இல்லையே. இவர் சிமென்ட் பால் ஒன்றும் பலிக்கவில்லை. துருப் பிடித்த கம்பி வழியாக மழைத்தண்ணீர் இறங்கித் தூணில் வெடிப்பு விட்டுவிட்டது. ஹால் சுவரெல்லாம் ஓதம். பார்க்க வந்த மேஸ்திரி, மேலே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கம்பியை அறுத்துப் பூசிவிடுங்கள் என்றார். எனக்கு ஓதத்தைப் பார்த்து வந்த கவலை போய் ஒரே சந்தோஷம். உடனே நித்யாவைக் கூப்பிட்டேன். அவளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலை, சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரமாகப் பெரிய அபார்ட்மென்டில் இருக்கிறார்கள். வந்தவளை உட்கார வைத்துப் படிக்கட்டு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், குழந்தை தவழ்ந்தால் பால்கனிக் கம்பிக்குள் தலை மாட்டிக்கொள்ளாமல் எப்படிப் போடுவது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவள் முழுசாகக் கேட்டாள்.

"அறுத்துடச் சொல்லும்மா. நாங்க கொழந்த பெத்துக்கறதா இல்ல."

உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து ரொம்ப நாளாகிறதாம். எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரம்தான் பேசும். அன்று அதுவும் பேசவில்லை. அவள்தான் பேசினாள். லாரிப் புழுதிக்கு பயந்து வீட்டு ஜன்னலைத் திறப்பதே இல்லை, காற்றைச் சுத்தம் பண்ண மூலையில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் லாரியில் வருகிறது என்றாள். சித்திரை வெயில் மாசியிலேயே வந்துவிட்டது, அந்தக் குழந்தைக்கு அவள் வயசு ஆகும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். இன்றைக்கு இருக்கிற வேலை அடுத்த வருஷம் இருக்குமா என்றே தெரியாதாம்.

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவள், கட்டில் மேல் ஸ்டவ் வைத்தவளிடம் கஷ்டத்தைச் சொல்கிறாள். ஒரே ரூமில், அடிபம்புத் தண்ணீரில் உன்னை நான் வளர்க்கவில்லையா என்று கேட்டேவிட்டேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலை.

"அந்த மாதிரிகூட என்னால வளக்க முடியாதும்மா. எனக்கு அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஐந்து வீட்டிலும் புகுந்து சாப்பிட்டது, பம்புக் கைப்பிடியில் தொங்கியது, அம்பத்தூர் ஏரிக்கரையில் கேட்பாரில்லாமல் சுற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது முகம் மலர்ந்து போயிருந்தது. எந்த அறையிலிருந்து இவளை வெளியே தூக்கிவர நாங்கள் அப்படி ஓடினோமோ, அந்த அறை இவள் பிள்ளைக்குக் கிடைக்காதாம். இதை எழுதும்போதும் எனக்கு அந்த அதிர்ச்சி தீரவில்லை.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். டேங்க் காலையிலேயே நிரம்பியாயிற்று. தண்ணீர் வழிந்து தெருவில் ஓடியது. நான் போய் அணைக்கிற வரை சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அறுக்க வந்தவர் குத்தம்பாக்கத்துக்காரர், முப்பது வயசு இருக்கும். மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். இந்தப் பக்கம் இப்போது கட்டுவதற்குக் கூப்பிடுகிறவர்களைவிட அறுக்கக் கூப்பிடுகிறவர்கள்தான் ஜாஸ்தி என்றார். மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே வீட்டு விஷயம் சொன்னார். வாடகை வீடு, இரண்டு பெண்கள், சம்சாரத்தைக் கம்பெனி வேன் வந்து ஷிப்டுக்கு ஏற்றிப் போகிறதாம். எஸ்டேட் நாட்களில் எங்களை யாராவது விசாரித்திருந்தால் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்போம். எனக்குத் திடீரென்று அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. உன் பொண்ணுங்க உங்களைவிட நல்லா இருப்பாங்க இல்லப்பா என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெர்லமா. படிக்க வெக்கிறேன். அதுக்கு மேல இன்னான்னு சொல்றது?"

அந்த வயசில் என்னை இப்படிக் கேட்டிருந்தால் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லியிருப்பேன். யோசிக்க அதில் என்ன இருந்தது? கையில் ஒன்றுமே இல்லாத காலத்தில் எங்களிடம் அந்தப் பதில் ஒன்று இருந்தது. அது என் மகளிடம் இல்லை என்று தெரிந்தபோது, வசதி வந்தால் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வாடகை வீட்டில் இருக்கிற இந்தத் தம்பியிடமும் அது இல்லை.