யானை சாப்பிட்ட சக்கைப் பிரதமன்

எங்கள் வீட்டில் பிறந்த நாளுக்குத் தேதியெல்லாம் கிடையாது, நட்சத்திரம்தான். அதிலும் ஒரு வம்பு உண்டு. ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிட்டால் முதலில் வருவதைச் சீந்தக்கூடாது, பின்னால் வருவதுதான் கணக்கு. என் அம்மா இந்த மாதிரி விஷயங்களில் பஞ்சாங்கத்துக்கே பாடம் எடுக்கக்கூடியவள். அப்பேர்ப்பட்டவள், எனக்கு ஏழு வயது நிறைந்த வருஷம், விஷுவுக்கு மறுநாள் வந்த முதல் நட்சத்திரத்திலேயே என் பிறந்த நாளை வைத்துவிட்டாள். மேட மாதக் கடைசியில், அதாவது சித்திரைக் கடைசியில், இன்னொன்று சமர்த்தாகக் காத்துக்கொண்டிருந்தது.

"பஞ்சாங்கம் ஏதாவது மாறிப்போச்சா?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க சும்மா இருங்கோ. மாமா இல்லாம கொழந்தைக்கு என்ன பொறந்த நாள்?" என்றாள் அம்மா.

மாமா அவளுடைய ஒரே தம்பி. பத்து வருஷத்துக்கு முன் கப்பலேறிப் போய் நைரோபியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், முதல் தடவையாக லீவில் வந்திருந்தார். கல்பாத்தியில் சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்க, நேரே மலையேறி எங்களிடம் வந்துவிட்டார். அப்பாவுக்கு ஆனைக்கரைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை. சுற்றிலும் ஏலச்செடி, மழை, அட்டை. விளையாட ஒரு பிள்ளை கிடையாது. அந்தக் காட்டில் மாமா வந்து இறங்கினதும் எனக்குத் தேர்த்திருவிழாவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் வேலை பார்க்கிற ஸ்டேஷனில் ஒருநாள் சிங்கம் வந்து பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டதாம், மாமா அதனிடம் டிக்கெட் கேட்டாராம். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அவ்வளவு அழகாகச் சொல்வார்.

அம்மாவுக்கு ஒரே குறி, தம்பி திரும்பிப் போகக்கூடாது. அந்தத் தேசத்தில் கலவரம் என்று பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை நச்சரித்துத் தோட்டத்து ஆபீசிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தாள். கல்பாத்தியிலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகமும் வந்து சேர்ந்தது. மாமாவோ எதற்கும் சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார். மேட மாதம் பாதியில் பம்பாயில் கப்பல்.

இதற்கு நடுவில் என் பிடிவாதம் வேறு. மாமாவோடு ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி போய், சிங்கத்தைப் பார்த்துக்கொண்டே பிறந்த நாள் பாயசம் சாப்பிட வேண்டும் என்று தரையில் புரண்டேன். வழக்கமாக இதற்கு முதுகில் ஒன்று விழும். அன்று அம்மா அந்தப் பேச்சைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு ஆப்பிரிக்கா எதுக்குடி? தேக்கடித் தண்ணிக்கரையிலே இல்லாத யானையா? ஒன் மாமாவும் பார்க்கட்டும், அங்கே இருக்கறது இங்கேயும் இருக்குன்னு."

ஜன்ம நட்சத்திரத்தில் பிரயாணம் கூடாதே என்று அப்பா நினைவூட்டினார். காட்டைச் சுற்றிவிட்டு வருவதெல்லாம் பிரயாணத்தில் சேர்த்தியா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அப்பா போய்த் தோட்டத்து ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார்.

பிறந்த நாளன்று காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சிவப்புப் பாவாடை கட்டி, நெற்றியில் சந்தனம் இட்டுக் கிளப்பினாள். பெரிய தூக்குப் பாத்திரம் நிறையச் சக்கைப் பிரதமன். எங்கள் பக்கத்தில் சக்கை என்றால் பலாப்பழம், அதன் காலம் அது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டு விடியற்காலையிலிருந்து கிளறியது, ஜீப் முழுக்க மணந்தது. தேக்கடியில் கம்பம் ஊர்க்காரர் ஒருவரின் படகில் ஏறினோம். தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்க, படகு வளைந்து வளைந்து போயிற்று. ஒரு மிளா மான் தெரிந்தது, சில காட்டுப்பன்றிகள். யானையைக் காணோம். மத்தியானம் ஆயிற்று.

"வெள்ளத்துக்கு மேலே எலை போடப்படாது. கரையிலே ஒதுக்குங்கோ" என்றாள் அம்மா.

படகுக்காரர் மூக்கை உறிஞ்சினார். "ஏம்மா, பலாப்பழமா வச்சிருக்கீக? அந்த வாசனைக்கு ஆனை எங்கிட்டு இருந்தாலும் வந்துரும்மா. படகுலயே சாப்பிட்டுருங்க."

"வரட்டுமே. அதைப் பார்க்கத்தானே வந்திருக்கோம்!"

புல்மேட்டில் இலை போட்டாள். கிழக்கே பார்த்து என்னை உட்கார வைத்து, இலை ஓரத்தில் பிரதமனை விட்டாள். நான் வழித்து நக்க ஆரம்பித்தேனோ இல்லையோ, மேலே மூங்கில் படபடவென்று முறிந்தது. படகுக்காரர், "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பார்த்தால், பெரிய பெண் யானை ஒன்று, காலடியில் குட்டி, பின்னால் இன்னும் இரண்டு. நேரே எங்களைப் பார்த்து இறங்கி வந்துகொண்டிருந்தன.

நான் பின்னாலேயே ஓடி வருவதாக நினைத்து, அப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மாமா அவர்களுக்கும் முன்னால் ஓடிப் படகுக்குள் ஏறியிருந்தார். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. பிறந்த நாள்காரி பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் ஆயுசு குறையும் என்று அன்று காலையில்தான் அம்மா சொல்லியிருந்தாள். நான் சொல்பேச்சுக் கேட்கிற பெண். வேக வேகமாக வழித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பேரைச் சொல்லி அலறினது கேட்டது.

மாமா படகிலிருந்து குதித்து ஓடி வந்தார். எச்சில் கையோடு இருந்த என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் வயிற்றில் இடித்தது. ஓடும்போது, "பயப்படாதே வான்ஜிரு, அப்பா இருக்கேன், பயப்படாதே வான்ஜிரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடி இடித்தால் நாங்கள் அர்ச்சுனன் பேரைச் சொல்வோமே, வான்ஜிரு என்பது அந்த மாதிரி ஆப்பிரிக்காவில் பயந்தால் கூப்பிடுகிற சாமியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது அந்தக் களேபரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை.

படகு நடுத்தண்ணீருக்குப் போனதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. கரையில் யானைக்குட்டி தூக்குப் பாத்திரத்துக்குள் துதிக்கையை விட்டு என் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. படகுக்காரரே சிரித்துவிட்டார். "சிங்கத்துக்கிட்டே டிக்கெட் கேட்டவன் நம்மாத்து யானையைக் கண்டு ஓடறானே!" என்று அப்பா கேலி செய்தார். மாமா சிரிக்கவில்லை. என்னை இறக்கியும் விடவில்லை.

அம்மாவும் சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைடா கூப்பிட்டே?" என்றாள்.

மாமா என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா என்னைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவரைப் படகின் கோடிக்கு அழைத்துப் போனாள். துடுப்புச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது. முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். போயும் போயும் ஒரு பாத்திரம் பாயசத்துக்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாளே ஜாதகம் கல்பாத்திக்குத் திரும்பிப் போயிற்று. தோட்டத்து வேலைப் பேச்சு அதோடு நின்றது. தம்பியை நிறுத்துவதற்காகப் பஞ்சாங்கத்தையே புரட்டிப் போட்டவள், தானே உட்கார்ந்து அவருக்குப் பெட்டி கட்டினாள். சக்கை வரட்டி, முறுக்கு, அப்பளம். என் சிவப்புப் பாவாடைத் துணியில் மிச்சம் இருந்ததை எடுத்து, என் அளவுக்கே இன்னொரு பாவாடை தைத்தாள். மாதக் கடைசி நட்சத்திரத்துக்குத்தான் எனக்குத் தைக்கிறாள் என்று தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் மாமாவின் பெட்டிக்குள் போனபோது வீடு இரண்டுபட அழுதேன். அம்மா அடிக்கவில்லை. "ஒனக்குத்தான் ஒண்ணு இருக்கேடி" என்று என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மாமாவுக்கு அங்கே அந்த ஊர்ப் பெண்ணோடு குடும்பம் இருந்ததும், வான்ஜிரு அவர்களுடைய மகள், என் வயதுக்காரி என்பதும் எனக்குத் தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அக்ரஹாரத்தில் இது வெளியே தெரிந்தால் அம்மா ஒரு வீட்டுப் படி ஏற முடியாத காலம் அது. கலவர பூமியில் அவர்களை விட்டுவிட்டு வந்திருந்த மனுஷர்தான் தினமும் எனக்குச் சிங்கக் கதை சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் மனது என்னவோ செய்கிறது.

குமுளியில் பஸ் ஏற்றிவிடப் போனபோது எனக்குக் கோபமெல்லாம் தீர்ந்திருந்தது. அடுத்த தடவை வரும்போது ஒரு சிங்கக்குட்டி கொண்டுவர வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

"கொண்டுவரலாம். ஒங்கம்மா ஆத்துக்குள்ளே விடணுமே?" என்றார். என்னிடம்தான் கேட்டார், பார்வை அம்மாவின் மேல் இருந்தது.

"விடாம என்னடா? என்னிக்கு வேணும்னாலும் கூட்டிண்டு வா. யார் என்ன சொன்னாலும் சரி, நான் வாசல்லே நிறுத்த மாட்டேன். கையைப் பிடிச்சு உள்ளே அழைச்சுண்டு போய் எலை போடுவேன்" என்றாள் அம்மா.

அப்பா மாமாவின் பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றப் போனார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வீடு திரும்புகிற வழியெல்லாம், சிங்கக்குட்டியைக் கட்டிப்போட நம்மிடம் இருக்கிற மாட்டுக்கயிறு போதுமா, போதாதா என்று அப்பாவைத் துளைத்துக்கொண்டே வந்தேன்.