வெயிலுக்கு வாங்கிய திரை: பென்னாகரத்தில் இரண்டு பகல்

நான் ஊர் சுற்றுவதே தூங்குவதற்காகத்தான் என்பது இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அருவி, மலை, கோயில் எல்லாம் எனக்கு அப்புறம்தான். வேற்றூரில், யாரோ விரித்து வைத்த படுக்கையில், நடுப்பகலில் வரும் தூக்கம் இருக்கிறதே, அதற்காக எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறுவேன். போன சித்திரையில் பென்னாகரம் போனதும் அதற்குத்தான் என்று சொல்ல ஆசை. உண்மையில் என் மனைவி கவிதாவுக்குப் பை தூக்கத்தான் போனேன்.

கவிதா ஈரோட்டில் ஜன்னல் திரை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். சாதாரணத் திரை இல்லை, தெர்மல் கர்ட்டன். மூன்று அடுக்குத் துணி: கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளை, நடுவில் கனமான அடுக்கு, அறைக்குள் தெரியும் பக்கம் அழகுக்கு. வெயில் உள்ளே வருவதைத் தடுத்தால் ஏசி குறைவாக ஓடும், கரண்ட் பில் இறங்கும். கடைகள், ஆபீஸ்கள், லாட்ஜுகள்தான் அவள் குறி. மாசியில் பென்னாகரத்து லாட்ஜ் ஒன்றின் மாடி அறைகளுக்கு முழுவதும் தைத்து அனுப்பியிருந்தாள்.

அந்த லாட்ஜை நடத்துபவர் சுமதியக்கா. ஐம்பது வயது இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறார். மாடியில் நான்கு ஏசி அறைகள், நான்கும் மேற்குப் பார்த்தவை. கோடையில் வருகிற வாடகையெல்லாம் கரண்ட் பில்லுக்கே சரியாகப் போகிறது, யாருக்காவது லீசுக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று கணவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போக மனமில்லை. கீழே வரவேற்பு மேசை முதல் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரை அவர் நின்று கட்டிய இடம். கடைசியாக ஒரு முயற்சி என்றுதான் திரை வாங்கினார். அடுத்த பில் வந்தது. இறங்கவே இல்லை. ஃபோனில் அவர் சண்டைகூடப் போடவில்லை. "நம்பி வாங்கனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கவிதா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. லீசுக்குக் கேட்ட ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். நாங்கள் வெள்ளிக்கிழமை விடியலில் பஸ் ஏறினோம்.

வழி கேட்பவர்களுக்கு: ஈரோட்டிலிருந்து சேலம், சேலத்திலிருந்து தர்மபுரி, இரண்டும் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் முப்பது. நாலரைக்கு ஏறிய நாங்கள் ஒன்பதேகாலுக்குப் பென்னாகரத்தில் இறங்கினோம். சேலத்தைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது காலைக்காற்று முகத்தில் படும். கண் மூடிக்கொண்டால் யாரோ ஆட்டிவிடுவது போலவே இருக்கும். எனக்குத் தொப்பூர் எப்போது முடிந்தது என்று தெரியாது.

சுமதியக்கா எங்களை மரியாதையாகத்தான் வரவேற்றார். டீ வந்தது, உப்புமா வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. கவிதா மாடிக்குப் போய் நான்கு அறைகளையும் பார்த்தாள். திரைகள் ஒழுங்காகத் தொங்கின. வெள்ளைப் பக்கம் கண்ணாடியைப் பார்த்தே இருந்தது. ஓரத்தில் இடைவெளி இல்லை, கீழே தரை வரைக்கும் இருந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் முகம் செத்துப்போய்க் கீழே இறங்கி வந்தாள். ஏசியில் ஏதாவது கோளாறா, லைன் எங்காவது கசிகிறதா என்று பார்க்க எலக்ட்ரீசியனை வரச் சொல்லி, அக்காவோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாம் நம்பர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

அந்த அறையைப் பற்றி நாலு வரி எழுதாவிட்டால் நான் என்ன தூங்குமூஞ்சி. கதவைத் திறந்ததும் ஒரு பச்சை இருட்டு. திரையின் உள்பக்கம் வெற்றிலைப் பச்சை, அதன் வழியே வெளிச்சம் வருவதே தெரியவில்லை. ரோட்டில் லாரி ஹாரன் எங்கோ தூரத்து ஊரில் அடிப்பது போலக் கேட்டது. ஏசி போடவில்லை, ஃபேன் மட்டும். கதவைத் தாழ் போடக்கூடத் தோன்றாமல் படுத்தேன். குளத்துத் தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பது போல இருந்தது. அப்படியே இறங்கிப் போய்விட்டேன்.

நடுவில் ஒரு கனவு. இரண்டு கைகள், கண்ணாடி வளையல் போட்டவை, என் தலைமாட்டில் பச்சைத் தண்ணீரைச் சுருட்டுகின்றன. பாய் சுருட்டுவது போல, அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலே. சுருட்டிய தண்ணீரைப் பூப்போட்ட பையில் போட்டு முடிச்சுப் போடுகின்றன. உடனே அந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் நிற்கிறது. எனக்கு அதில் பயமோ ஆச்சரியமோ இல்லை. குளம் என்றால் சாயங்காலம் சுருட்டித்தானே வைப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு புரண்டு படுத்தேன்.

விழித்தபோது இரண்டு மணி. காலில் வெயில். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. என்னை எழுப்ப கவிதாதான் வந்து திரையைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே முகம் கழுவிக் கீழே போனேன். எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போயிருந்தார். கவிதா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா, ஆற்றில் தலையை நனைத்துவிட்டு யோசிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் பதினாறு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரைமணிக்குக் கொஞ்சம் கூட. கவிதாவுக்குப் பயணம் இலவசம், எனக்கு டிக்கெட், அதை அவள் வழியெல்லாம் குத்திக் காட்டினாள். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறைகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நான் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்தேன். பேரம் பேசி முந்நூறு. தலையில் எண்ணெயை ஊற்றித் தாளம் போட்டுத் தட்டுகிறார்கள், முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று மறுபடி மாட்டிக்கொள்கிறது. அப்படியே அருவியில் போய் நின்றால் காதுக்குள் தண்ணீர்ச் சத்தம் தவிர உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. சோப்பு போட்டாலும் அந்த எண்ணெய் முழுசாகப் போகாது. வறுத்த மீன் தின்றோம். பரிசலில் ஒரு சுற்று. பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல்காரர் வேண்டுமென்றே ஒரு சுழற்று சுழற்றினார், வானம் வட்டமாகச் சுற்றியது. கவிதா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆறரைக்கு லாட்ஜுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்தால் அறை அடுப்பங்கரை மாதிரி தகித்தது. சுவரில் கை வைக்க முடியவில்லை. ஏசியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஜன்னலுக்கு மேலே, கம்பியோடு சேர்த்து, பூப்போட்ட புடவைத்துணியில் கட்டிய இரண்டு மூட்டைகள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கனவில் கண்ட அதே பை, அதே முடிச்சு. கவிதாவிடம் சொன்னேன். அவள் வராந்தாவுக்குப் போய்ப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் மூட்டை.

அறைகளைச் சுத்தம் செய்யும் முனியம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். வளையல் போட்ட கைகள் அவருடையவைதான். நாங்கள் இருவரும் ஆற்றுக்குப் போய்விட்டோம் என்று நினைத்து மத்தியானம் உள்ளே வந்தாராம், ஆள் படுத்திருப்பதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போனாராம். சுமதியக்காவும் மேலே வந்தார். அவர்தான் விளக்கினார். ஒகேனக்கல் போய்விட்டு வருகிறவர்கள் எல்லோரும் எண்ணெயோடு வருகிறார்கள், வந்ததும் கையையும் தலையையும் திரையில் துடைக்கிறார்கள். போட்ட முதல் வாரத்திலேயே ஒரு திரையில் பெரிய கறை. இத்தனை விலை கொடுத்து வாங்கியதை அப்படியே விட மனம் வருமா? அதனால் ஆட்கள் வெளியே போனதும் சுருட்டிப் பையில் கட்டிவிடுவது, அவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் இறக்கிவிடுவது, காலையில் அறை பெருக்கிய பிறகு மறுபடி கட்டுவது. தினமும் தவறாமல் செய்கிறார்கள். நாங்கள் வந்த காலையில் மாடி இன்னும் பெருக்கியாகவில்லை, அதனால்தான் கவிதா பார்த்தபோது நான்கும் தொங்கின.

கவிதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் கெஞ்சுவது போலத்தான் கேட்டாள்.

"அக்கா, இது வெயிலுக்குங்க. ராத்திரி நெலாவையா தடுக்கப்போறோம்?"

சுமதியக்கா மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழுக்காயிட்டா உன்னய என்னான்னு கேப்பேன், நானே கெடுத்துட்டன்னு இருக்கும். அதுக்குத்தாம்மா பொத்திப் பொத்தி வெச்சேன்" என்றார். புது சோபாவின் பிளாஸ்டிக் உறையை மூன்று வருடம் பிரிக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை கவிதா ஒரு பரீட்சை வைத்தாள். இரண்டாம் அறையில் காலையிலிருந்தே திரையை இழுத்து மூடியாயிற்று. மூன்றாம் அறையில் வழக்கம்போல மூட்டை. இரண்டிலும் ஏசி போடவில்லை. எண்ணெய்க்கும் வழி செய்தாள். முனியம்மா தைத்திருந்த அந்தப் புடவைப் பைகளைப் பிரித்து, தோள் உயரம் வரைக்கும் வரும் மெல்லிய உறைகளாக வெட்டி, திரையின் அறைப்பக்கத்தில் பிரஸ் பட்டன் வைத்து மாட்டினாள். துடைப்பவர்கள் உறையில் துடைக்கட்டும், கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். படிக்கட்டுக் குழாயடியில் சீயக்காயும் ஒரு பழைய துண்டும் வைக்கச் சொன்னாள்.

மூன்று மணிக்கு சுமதியக்கா மேலே வந்தார். முதலில் மூன்றாம் அறை. வாசலோடு திரும்பிவிட்டார். பிறகு இரண்டாம் அறை. உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். "இவ்ளோ வருசமா இந்த ரூம்புல பகல்ல நான் படுத்துப் பாத்ததே இல்லம்மா" என்றார். படுங்கள் என்று கவிதா சொன்னாள். சும்மா ஒரு நிமிடம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர், செருப்பைக் கழற்றினார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தோம்.

மேசை மேல் அவருடைய ஃபோன் நாலு மணிக்கு அடித்தது. முனியம்மா கையெல்லாம் சோப்பு, ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார். பெங்களூரிலிருந்து அக்காவின் கணவர்.

"அக்கா தூங்குதுங்கண்ணா."

"இந்நேரத்துலயா? ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணும் இல்லீங்க. மேல ரெண்டாம் நம்பர் ரூம்புல. சில்லுன்னு இருக்குது, படுத்துட்டாங்க."

"ஏசி போட்டா?"

"ஏசி போடலைங்கண்ணா. தெரை மட்டும்தான்."

அந்தப் பக்கம் கலவை மெஷினை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். அந்த மனிதரும் அந்த மாடியில் கோடை பார்த்தவர்தானே. பிறகு, "எழுப்பாத" என்றார். வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை நாங்கள் கிளம்பும்போது லீசுக்குக் கேட்ட ஆளுக்கு இன்னும் ஒரு பில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கணவரே பேசிவிட்டதாகச் சுமதியக்கா சொன்னார். அந்தப் பில்லும் வந்துவிட்டது. எவ்வளவு இறங்கியது என்று அவர் என்னை எழுத விடவில்லை, கண் படுமாம். லீஸ் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. லாட்ஜின் பெயரையும் போடக் கூடாது என்றுவிட்டார்.

கடை, லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு நான் பார்த்துக் கற்றது: திரை விலைக்கு வாங்குகிற பொருள்தான், ஆனால் வேலை செய்வது அதை இழுத்து மூடுகிற கை. கிழக்கு ஜன்னலை விடியலிலும் மேற்கை மத்தியானத்துக்கு முன்பும் மூடிவிடுங்கள், ஆள் இல்லாத அறையை முக்கியமாக. வெயில் இறங்கியதும் திறந்து காற்று விடுங்கள். அழுக்காகும், ஆகட்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பரிசலுக்குக் கவுண்டரில் எழுதியிருப்பதை மட்டும் கொடுங்கள், தண்ணீர் வரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், எண்ணெய்க் கையைத் துண்டில் துடையுங்கள். பென்னாகரத்தில் ஏசி அறை ஆயிரத்து நானூறு. வெற்றிலைப் பச்சைத் திரை தொங்குகிற லாட்ஜைப் பார்த்தால் உள்ளே போய்க் கேளுங்கள். மூன்றிலிருந்து நாலு மணிக்குள் போனால் மட்டும் முனியம்மாதான் சாவி கொடுப்பார். அக்கா தூங்குவார். எழுப்ப வேண்டாம்.