முப்பது நாள் விதியும் ஓசி மெயிலும்

1. நான்கு எம்.பி. பஸ்

சூலக்கரையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுக் கோப்புகளைக் கட்டி அவிழ்த்து ஓய்வுபெற்ற கையோடு, விருதுநகரில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் மேனேஜராகச் சேர்ந்தேன். 2004ஆம் ஆண்டு. தொழிற்சாலை ஆமத்தூர்ப் பக்கம், ஆபீஸ் டவுனுக்குள். முதலாளி ஹனீபா பரம்பரை வியாபாரி. முதல் நாளே, "சார், நம்ம ஆபீஸ்ல எல்லாம் இருக்கு, ஒழுங்கு மட்டும்தான் இல்ல. அத நீங்க கொண்டாந்திருங்க" என்றார். ஒழுங்கு என்னிடம் ஏராளமாக இருந்தது. ஓய்வுபெற்றபின் அதைச் செலவழிக்க வழி தெரியாமல்தான் இருந்தேன்.

அன்றைக்கே ஒரு நெருக்கடி. வடக்கே இருக்கும் டீலர்கள் தங்கள் கடைப் பெயரிலேயே லேபிள் கேட்பார்கள். லேபிள் படம் மெயிலில் போய், சரி என்று திரும்பி வந்தால்தான் பிரஸ்ஸில் அச்சேறும். கம்பெனியின் மெயில், ஒரு வெளிநாட்டு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. மொத்த இடம் நான்கு எம்.பி. இரண்டு லட்சுமி வெடி லேபிள் வந்து உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மூன்றாவது டீலர் அனுப்பியது அவருக்கே திரும்பிப் போய், அவர் போனில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் முனீஸ்வரி பதற்றமே இல்லாமல் பழைய மெயில் ஒன்றை அழித்தாள்.

"மதுர பஸ் மாதிரி சார். ஒரு ஆளு எறங்குனாத்தான் அடுத்த ஆளு ஏற முடியும்."

"எறக்கிவிட்ட ஆளு முக்கியமானவரா இருந்தா?"

"ஃபிளாப்பில ஏத்தி வச்சிருவேன். ஃபிளாப்பி கெட்டா ஆண்டவன் விட்ட வழி."

அவள் அம்மா எங்கள் தொழிற்சாலையிலேயே வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர். அண்ணியும் அதே ஷெட்தான். அந்த வீட்டில் கையில் அலுமினியப் பொடி படாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் முனீஸ்வரி.

2. மூன்று பூஜ்யங்கள்

மெயிலை மாற்றலாமா என்று முதலாளி கேட்டார். நான் முறைப்படி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். அரசில் பழகிய கை, குறைந்த விலைக்காரரைத் தேடியது. மூவரின் விலையும் பூஜ்யம். டெண்டர் விதிகளில் இதற்கு வழிகாட்டுதல் இல்லை.

முதலாவது, இருக்கிற பழைய நிறுவனம். இரண்டாவது உள்நாட்டுக்காரர். இடம் சற்று அதிகம், ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் மணமகள் தேவை விளம்பரம். "பேரன் எடுத்தவன் தெறக்கிற பொட்டியில இதெல்லாம் எதுக்கு சார்?" என்று முதலாளியே அதைத் தள்ளிவிட்டார். மூன்றாவது புதிதாக வந்தது. ஒரு ஜி.பி. இடம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அழைப்பு அனுப்பினால்தான் நாம் நுழைய முடியும். சிபாரிசு கேட்கும் நிறுவனம் என்றதும் எனக்குச் சற்று மரியாதைகூட வந்தது.

"எங்கூடப் படிச்ச பிள்ள பெங்களூர்ல இருக்கா சார். கேட்டா இன்னைக்கே அனுப்பிருவா" என்றாள் முனீஸ்வரி.

"அம்புட்டு எடத்த ஓசியில குடுக்கிறவன் நம்மகிட்ட எதையோ எதிர்பார்க்கிறான்" என்றார் முதலாளி.

நான் என் குறிப்பை எழுதினேன். அந்தப் புது நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சோதனைக் கட்டம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். தகுதிகாண் பருவம் முடியாதவரை நம்பி ஆபீஸை ஒப்படைக்க முடியாது. மேலும் பழைய முகவரி, அடுத்த சீசனுக்கு அடித்துக் குடோனில் அடுக்கிய லேபிள்களில் ஏறிவிட்டது. எனவே மாற்றம் தேவையில்லை. ஆபரேட்டர் எதையாவது அழித்துக்கொண்டே இருப்பதால், பாதுகாப்புக்காக லீவு நாட்களில் பாஸ்வேர்டு சீல் வைத்த கவரில் பீரோவில் இருக்கும், சாவி மேனேஜரிடம். பழைய நிறுவனத்தின் விதிமுறைகளையும் அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தேன்' என்று இனிஷியல் போட்டேன். பதினொரு பக்கம்.

முதலாளி அசந்துபோனார். நானும்தான்.

3. லீவு

பட்டாசுத் தொழிலில் தீபாவளிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குக் குறையாமல் லீவு. தொழிற்சாலை தூங்கும், ஆபீஸும் தூங்கும். தீபாவளிக்கு முந்தின நாள் நானே பாஸ்வேர்டை மாற்றி, கவரில் வைத்துப் பூட்டினேன்.

முனீஸ்வரி தயங்கி நின்றாள். "சார், பாஸ்வேர்டு மட்டும் சொல்லிட்டுப் போங்க. லீவுல பஜார் பிரௌசிங் சென்டர்ல வாரத்துக்கு ஒருக்கா தெறந்து பாத்துக்கிடுதேன்."

"பொது இடத்துல ஆபீஸ் மெயிலைத் திறக்கக் கூடாது. நடைமுறை இருக்கு."

"டீலருக யாராச்சும் அனுப்புனா?"

"லீவுன்னா டீலருக்கும் லீவுதான்."

டீலருக்கு லீவு என்று எந்த விதியில் படித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போய் முறையாக ஓய்வெடுத்தேன்.

முப்பத்தைந்து நாள் கழித்து ஆபீஸ் திறந்ததும் கவரைக் கிழித்து முனீஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சார், ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டான்."

கடைசியாக வந்த லேபிள்கள், மூன்று வருட ஒப்புதல் கடிதங்கள், எதுவும் இல்லை. முகவரி மட்டும் இருந்தது, காலி வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை மாதிரி. மதியம் எங்கள் மிகப் பெரிய டீலர் முதலாளியைப் போனில் பிடித்தார். லேபிள் ஒப்புதல் அனுப்பினாராம், திரும்பி வந்துவிட்டதாம். கம்பெனியை மூடிவிட்டோம் என்று நினைத்து ஆர்டரைச் சிவகாசியில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

முதலாளி நேராக முனீஸ்வரியின் மேசைக்கு வந்தார்.

"ஏத்தா, எதத் தொட்டுத் தொலச்ச? எதையாச்சும் அழிச்சுக்கிட்டே இருப்பன்னு சார் சொன்னாகளே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பீரோவைப் பார்த்தேன்.

"நாளையில இருந்து அங்கன உங்கம்மா கூட ஷெட்டுக்குப் போ. இங்கன வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

4. ஏழாம் பக்கம்

அந்த மெயில் நிறுவனத்தைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதலாம் என்று விதிமுறைக் கோப்பை எடுத்தேன். கண்டிக்க வேண்டுமானால் அவர்கள் எந்த விதியை மீறினார்கள் என்று காட்ட வேண்டும். ஏழாம் பக்கத்தில் இருந்தது: முப்பது நாள் தொடர்ந்து திறக்காத பெட்டி முடக்கப்படும், உள்ளே இருப்பவை அழிக்கப்படும். அதற்குக் கீழே நீல மையில் என் இனிஷியல். அழகான இனிஷியல், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கோப்பை என்னைத் தவிர எவரும் திறக்கப் போவதில்லை. ஒரு தாளை உருவ எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வெளியே முனீஸ்வரி தன் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, ஏன்டி இன்னிக்கு வெரசா கெளம்பிட்ட?" என்று லேபிள் கட்டு வாங்க வந்த பேக்கிங் பெண் ஒருத்தி கேட்டதற்கு, "ஷெட்டுக்குப் பழைய சேல எடுத்து வைக்கணும்க்கா" என்றாள்.

கோப்போடு முதலாளி அறைக்குள் போனேன்.

"முதலாளி, அந்தப் பிள்ளை எதையும் தொடலை. லீவுல திறந்து பாக்குறேன்னு கேட்டுச்சு, நான்தான் பாஸ்வேர்டு குடுக்கலை. விதி இங்க இருக்கு."

அவர் பக்கத்தையும் இனிஷியலையும் பார்த்தார்.

"இதப் படிச்சீகளா?"

"கையெழுத்துப் போட்டேன்."

"நான் கேட்டது படிச்சீகளான்னு."

"இல்லை."

"முப்பத்தி மூணு வருசம் கவர்மெண்டுல இப்படித்தான் வேல பாத்தீகளா?"

"பெரும்பாலும்."

சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"அப்ப நான் யார வீட்டுக்கு அனுப்ப?"

"என்னை."

"உங்கள அனுப்பிட்டா, இன்ஸ்பெக்சன்னு வர்ற ஆபீசர்கிட்ட அவுக பாஷையில யாரு பேசுறது? ரெண்டு பேரும் இருங்க. பீரோச் சாவிய மட்டும் அந்தப் பிள்ளகிட்ட குடுத்திருங்க."

கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து மறுபடி மேசைக்கு அடியில் வைத்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

5. எது நல்ல மெயில்?

ஓசி மெயிலில் எது நல்லது, மாறலாமா வேண்டாமா என்று என் பேரப்பிள்ளைகளின் நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். இடம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று அவர்களே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். நீங்கள் எத்தனை நாள் திறக்காமல் இருப்பீர்கள்? நீங்கள் இல்லாதபோது சாவி யாரிடம்? இவற்றுக்குப் பதில் தெரியாதவர் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஒன்றுதான்.

சாவியைக் கொடுத்த மறுநாளே பெங்களூரிலிருந்து புது மெயிலுக்கான அழைப்பு வந்தது. லேபிள்களுக்காகப் பழைய முகவரியையும் மாதம் இருமுறை திறந்துகொள்வது என்று முனீஸ்வரியே முடிவு செய்திருந்தாள். புதியதில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சார், விதிக்கெல்லாம் சம்மதம்னு இங்கன ஒரு டிக் போடணும். போட்டுருவமா?"

"இரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். காலை டீ ஆறியது.

"லேபிள் நிக்குது சார். இன்னும் எம்புட்டு இருக்கு?"

"பாதி."

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வரி வந்தது.

"ஒன்பது மாசம் திறக்கலைன்னாதான் மூடுவானாம்."

"அப்ப நம்ம லீவத் தாங்கும்."

"தாங்கும். டிக்கை நீயே போடு."