பொதுச் சமையலின் முதல் நாள்

யுத்தத்தால் அரிசி கூப்பனுக்குத்தான், விறகும் கிடைப்பதில்லை. அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், உள்ள வீடுகள் எல்லாம் இன்று முதல் ஒன்றாகச் சமைப்பதென்று தீர்மானித்திருந்தோம். என் முற்றத்தில் அடுப்பு மூட்டி, இரவல் வாங்கிய பெரிய சமையல் கிடாரத்தோடு காத்திருந்தேன்.

எல்லோரும் வந்தார்கள், அவரவர் பானையோடு.

"என்னக்கா இது?" என்று எதிர்வீட்டு அலுவலகக் கிளாக்கரின் மனைவியைக் கேட்டேன்.

"குறை நினையாதேங்கோ. இவர் வேற பானையில சமைச்சா சாப்பிடமாட்டார்."

"எங்கட ஊட்டுலயும் அப்பிடித்தான்" என்றார் பக்கத்து வீட்டு ஹாஜியாரின் மனைவி.

பானைகள் ஒவ்வொன்றாக அடுப்பேறி இறங்குவதற்குள் என் விறகு முழுதும் தீர்ந்தது.

அரிசி கழுவிய தண்ணீர் மட்டும் கிடாரத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. ஒழுங்கை முனைப் பால்காரரின் பசு வந்து அதைக் குடித்தது. யார் வீட்டுத் தண்ணீர் என்று அது கேட்கவில்லை.

உங்கள் ஒழுங்கையில் மனிதர் யாராவது ஒன்றாகச் சாப்பிட்டால் சொல்லுங்கள்.