தொண்ணூற்றிரண்டு புள்ளி ஏழு

தெருவில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம். கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே 'ஐயா' என்பார்கள். தலை மறைந்ததும் மில்லிமீட்டர். மனைவியும் அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயில் நன்றாக உட்காரும் பெயர்.

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மிஷின்; ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார். கருநீலம், வயது பத்தொன்பது. அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். ஆக, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தனிக்குடித்தனம் நடத்தியது இரண்டே வருஷம் என்பது அவள் கணக்கு. சக்களத்தி பின்னால்தான் வந்தாள். வந்த வேகத்தில் காலைப்பொழுதை முழுசாக எழுதி வாங்கிக்கொண்டாள்.

தினமும் ஆறு மணிக்கு இரண்டு வாளிகளோடு பூசை ஆரம்பமாகும். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசும் நல்ல தண்ணீர். சக்கரத்துக்கு ஒரு துணி, கதவுக்கு ஒரு துணி. பானெட்டுக்கென்று ஒரு மஞ்சள் துணி உண்டு, பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் முகம் துடைக்கும் துண்டு கிழிந்து நாலு மாதம் ஆகிறது. வட்டமாகத் துடைக்கவே கூடாது, நேர்கோடாகத்தான். வட்டமாகத் துடைத்தால் வெயிலில் சிலந்திவலை மாதிரி கீறல் தெரியுமாம். இதை அவர் பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் முன்பக்க இடது கதவில் ஒரு கீறல் கண்டார். விரல் நீளம். நகத்தை வைத்தால் தட்டுகிற ஆழம். வேறு ஆளாக இருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பான். இவர் இரும்பு டேப்பை எடுத்தார். தரையிலிருந்து தொண்ணூற்றிரண்டு புள்ளி ஏழு சென்டிமீட்டர். அதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

அப்புறம் விசாரணை. பேப்பர்காரரின் சைக்கிள் கைப்பிடி நூற்றொன்று, விடுதலை. எதிர்வீட்டுப் பிள்ளையின் புத்தகப்பை எழுபது, விடுதலை. பெண்டாட்டியைச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தொங்கவிடச் சொல்லி, வளையலையும் அளந்தார். எண்பத்தொன்று. "நீ இல்ல," என்றார், பெரிய மனசு பண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசமாக வந்து மாட்டினான் அவளுடைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி எப்போதும் தொங்கும். இவர் கண் சாவிக்கொத்திலேயே நின்றது.

"மாப்ள, கொஞ்சம் நேரா நில்லு."

"எதுக்கு மாமா?"

"அளக்கணும்."

விஷயம் புரிந்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது. "நான் என்ன எடைக்கல்லா, முத்திரை குத்துறதுக்கு? அக்கா, நான் வரேன்."

அளக்க விடாமல் போனதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று இவர் தீர்ப்பெழுதினார். தாளில் 'மைத்துனர் சாவிக்கொத்து, தோராயமாக 92 முதல் 94' என்று ஒரு வரி ஏறியது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் 'தோராயமாக' என்ற வார்த்தையை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. தம்பி அதற்கப்புறம் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அவனுக்கு மாற்றல். இரண்டு நாள் ரயில் பயணம் போகிற தூரத்தில் ஓர் ஊர். ஞாயிறு சாயங்காலம் வண்டி. போனால் எப்போது திரும்புவானோ.

"ஒரு வேளை சோறு போட்டு அனுப்புறேங்க," என்றாள் அவள்.

"மன்னிப்பு கேட்டுட்டு வரட்டும். நான் வேண்டாங்கலையே."

"செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"அப்ப செஞ்சது யாருன்னு நீ சொல்லு."

செவ்வாய்க்கிழமை பதில் தானாக வந்து மடியில் விழுந்தது. அவருக்குப் புது பேன்ட் தைக்க அளவு நோட்டைப் புரட்டினாள். பெல்ட் நிற்கிற இடத்திலிருந்து தரைவரை முப்பத்தாறரை இஞ்சு. நாலு வருஷத்துக்கு முன்னால் முப்பத்தெட்டு. ஆள் குள்ளமாகவில்லை, தொப்பை வளர வளர பெல்ட்தான் கீழே குடியிறங்கிக்கொண்டிருக்கிறது. சும்மா ஒரு ஞாபகத்தில் கையிலிருந்த டேப்பைத் திருப்பினாள். மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பத்தாறரைக்கு நேர் பின்னால் தொண்ணூற்றிரண்டு புள்ளி ஏழு.

மிஷின் மிதியில் இருந்த கால் அப்படியே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் பல்லி சொல்லுமாம், தான் மட்டும் கழனிப்பானையில் விழுமாம்.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். "உன் டேப் முத்திரை குத்தாதது" என்பார்.

வியாழக்கிழமை பாலிஷ்காரர் வந்தார். மங்கிப்போன கூரையையும் பானெட்டையும் மெருகேற்றி, மேலே பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும். மூன்று மாதமாக நாள் குறித்து வைத்திருந்த வேலை. வந்ததும் பாலிஷ்காரர் முதலில் தன் மோதிரத்தைக் கழற்றினார். அடுத்து வாட்ச். பித்தான் எதுவும் இல்லாத ஏப்ரனை மாட்டிக்கொண்டு, கைவிளக்கை வண்டியின் பக்கவாட்டில் பிடித்து ஒரு சுற்று வந்தார். அவள் துணியை வெட்டுகிற பாவனையில் ஜன்னலோரம் நின்றாள்.

"சார், வண்டியை யார் துடைக்கிறது?"

"நான்தான். என்னைத் தவிர ஒரு ஈ தொட முடியாது."

"டிரைவர், வீட்ல இருக்கறவங்க...?"

"பத்தொன்பது வருஷமா இந்த ரெண்டு கைதான்!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அது மார்தட்டிக்கொண்டு வேறு கெட்டது.

"அப்படியா?" பாலிஷ்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல வரிசையா பொடிக் கீறல் இருக்கு சார். இடது கதவுல மட்டும் ஆழமா இறங்கியிருக்கு. கூரைக்கு எட்டணும்னா இந்த இடத்துலதான் சாய்வீங்களோ?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கொஞ்சம் பெல்ட்டைக் கழட்டுங்க சார்."

அவள் தையல் டேப்போடு வெளியே வந்தாள். "நான் வேணா அளக்கட்டுமாங்க? நேரா நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. பெல்ட்டைத் தானே உருவினார். பக்கிளின் ஒரு மூலை தேய்ந்து, பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீறலில் வைத்துப் பார்த்தார். சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி உட்கார்ந்தது. இரும்பு டேப்பை எடுத்தார். திரும்ப சட்டைப்பைக்குள் போட்டார்.

"இதை எடுத்துடலாமா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பொடிக் கீறல் போயிடும். இது போகாது சார். மேல் மெருகு தாள் கனம்தான், இன்னும் தேய்ச்சா அடிப்பூச்சு பல்லிளிக்கும்."

சாயங்காலம் வண்டி கண்ணாடியாய் மின்னியது. அவர் முகம் மின்னவில்லை. "உன் தம்பிக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லு," என்றார் சுவரைப் பார்த்து.

தம்பி லேசில் மசியவில்லை. "மாமாவே வந்து கூப்பிடட்டும்கா. அந்த வண்டியில. பஸ்ல வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

அவன் தெருவைத் தோண்டிப்போட்டு, ஜல்லி கொட்டி ஒரு மாதமாகிறது. பூச்சுக்கு இன்னும் நாலு நாள்கூட ஆகவில்லையே என்று இவர் இழுத்தார். ஞாயிறு காலை அவள் சாவியைக் கையில் எடுத்தாள். "நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டட்டுமா? லைசென்ஸ் இருக்கு. பன்னெண்டு வருஷமா பெட்டியில சும்மாதான் கிடக்கு."

அவரே ஓட்டினார். தம்பியின் தெருவில் ஒவ்வொரு ஜல்லியும் வண்டியின் அடியில் 'டிக்' என்று தட்டும்போது அவர் கண்ணைச் சிமிட்டினார். நடந்து போன ஒரு கிழவர் வண்டியை முந்திக்கொண்டு போனார்.

தம்பி வாசலில் நின்றான். வண்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். சாவிக்கொத்தைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தான். வாட்ச். பேனா. கடைசியில் பெல்ட். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இப்ப ஏறலாமா மாமா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

மில்லிமீட்டருக்கு மன்னிப்பு என்கிற சொல் வரவில்லை. டிக்கியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்து மைத்துனனிடம் நீட்டினார்.

"தூசியாயிடுச்சு. பானெட்டை நீயே தொடைச்சு விடு, மாப்ள."

அந்தத் துணியை அவர் பெண்டாட்டிக்குக்கூடக் கொடுத்ததில்லை. தம்பிக்கும் அது தெரியும். வாங்கிக்கொண்டான். பானெட்டில் நிதானமாக, பெரிசாக, ஒரு வட்டம் போட்டான். இன்னொன்று. மூன்றாவது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நல்லா தொடை," என்றார்.

தம்பி வந்தான். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் ரயிலேற்றிவிட்டு, ஜன்னல்கள் வளைவில் மறையும் வரை கையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிலைய வாசலுக்கு வந்தாள். மில்லிமீட்டர் அங்கே குனிந்து, மஞ்சள் துணியால் அந்த மூன்று வட்டங்களையும் நேர்கோடு நேர்கோடாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பெல்ட் இல்லாமல், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி.