எடுக்காத பொட்டலம்

மனைவி அம்பிகா செத்து மூன்று மாதமாக வேலுமணி காளியம்மனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் கடை இருப்பது கோயில் வாசலில். திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகிற சாலையில், சூடம், தேங்காய், விபூதிப் பொட்டலம் என்று விற்று இருபது வருசமாகப் பிழைத்தவர். இப்போது கோயிலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, ஆத்தாளோட இன்னும் பேச்சுவார்த்த இல்லையா?" என்பான் பூக்கடை சடையாண்டி.

"உள்ள ஆள் இருந்தாத்தானப்பா பேச."

"ஆள் இல்லாத வீட்டு வாசல்லயா இம்புட்டு வருசமாக் கடை போட்டீக?"

வேலுமணிக்குச் சிரிப்பு வராது.

அம்பிகாவுக்கு வயிற்றில் கட்டி. உடனே ஆபரேசன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குக் குலை நடுங்கியது. அவளைப் பெற்றவள் அப்படித்தான் உள்ளே போனாள், துணி மூடித்தான் வெளியே வந்தாள்.

"ஆத்தாகிட்டக் கேட்டுருவோங்க. குங்குமம் வந்தா நாளைக்கே போறேன். விபூதி வந்தா நாட்டு மருந்துதான். அதுக்கு மேல நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது."

அவர் சம்மதித்தார். வீடு கட்டவும் பெண் கொடுக்கவும் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள். கடைக்கு எப்போதும் பொட்டலம் மடிப்பவள் அம்பிகா. அன்றைக்கும் அவளே இரண்டு மடித்தாள். பூசாரி அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கிப் போட்டார். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்தது. விபூதி. அம்பிகா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். பயம் விட்டு அழுகிறாள் என்றுதான் வேலுமணி நினைத்தார்.

"எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுங்க. கெணத்துல போட்டுருங்க" என்றாள். சரி என்று வாங்கியவர், கடையில் ஆள் நின்றதால் சூடப் பெட்டிக்குள் வைத்தார். அப்படியே மறந்தும் போனார்.

ஐந்து மாதத்தில் கட்டி பெருத்தது. கஞ்சி கூட உள்ளே தங்கவில்லை.

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம் புள்ள."

"ஆத்தா வேணாம்னுட்டாள்ல?"

கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

பொய் சொல்லிக் கொன்றுவிட்டாள் என்று முதலில் அம்மனை ஏசினார். பிறகு, ஏசுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள், வெறும் கல்தானே என்றாகிவிட்டது.

ஆடி வெள்ளிக்குக் கடையைத் துடைக்கும்போது சூடப் பெட்டியின் அடியில் அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரிக்கத் தயங்கினார். இனி என்ன கெட்டுப் போகிறது என்று பிரித்தார்.

அதிலும் விபூதி.

வேலுமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் யாரும் எதையும் கேட்கவே இல்லை. அம்மன் பொய்யும் சொல்லவில்லை. சன்னதியில் நின்றே அம்பிகா ஏமாற்றினாளே, சாமியே இல்லை என்று நினைத்தவளா? தினமும் விளக்கேற்றியவள் ஆயிற்றே. ஒருவேளை, நான் பிழைக்க வேண்டுமென்றால் இந்த விபூதியை ஆத்தாளே குங்குமமாக்கட்டும் என்று விட்டிருப்பாளோ? அந்த அழுகை எதற்கு? கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் இல்லை. பயமாயிருக்கு என்று தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு படி ஏறினார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"அவ பயந்தவ. உனக்குத் தெரியாதா?" என்று காளியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை மாத்தி வச்சிருக்கக் கூடாதா தாயே?"

பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டார். வேலுமணி பதிலுக்குக் காத்து நின்றார். பிறகு, அம்பிகா மடித்திருந்த தடத்திலேயே காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

மறுநாளும் போய் அதையே கேட்டார்.