பட்ட மரத்துக் காளானுக்கு ஒரு பெயர்

காளான் படம் எடுக்கிறவனால் ஒரு மழையைக்கூட நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடியாது. பெய்யும்போதே கால் பரபரக்கும். இன்று முளைத்தது நாளை மத்தியானம் கூழாகிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கும் சக நோயாளிகளே, உங்களுக்குத்தான் இது.

செங்கம் சாலையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சோறு போடுவது அது. மிச்ச நேரத்தை ஒரு இணையதளம் தின்கிறது. என்னைப் போன்றவர்கள் காளான் படங்களை அதில் ஏற்றுவோம், படித்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். பெயர் கிடைக்காதவை ‘ஏதோ ஒரு காளான்’ என்று தொங்கும். கிரிவலப் பாதையோரம் பட்டுப்போன புங்கமரத்தடியில் முளைத்த ஆரஞ்சுக் காளான் ஒன்று, போன வருஷத்திலிருந்து என் பெயரில் அப்படித் தொங்குகிறது. இந்த மழைக்காலம் முடிந்ததும் மரத்தை வேரோடு பிடுங்கிவிட்டு அங்கே காம்பவுண்டு கட்டப்போவதாகச் சொன்னார்கள். அதற்குள் காளானுக்கு ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். சிரிக்காதீர்கள், தூக்கமே வரவில்லை.

முகம் பார்த்த கை

போன வருஷம் அதை முதலில் பார்த்ததும், தொழில் புத்தி, முகத்தை எடுப்பதுபோல எடுத்தேன். நிழல் விழாமல், வெளிச்சம் பார்த்து, எல்லாப் படமும் மேலிருந்து. வெளியூர்க் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் சுகந்தி மேடம்தான் எங்கள் தளத்தில் காளானுக்குத் தீர்ப்பு சொல்கிறவர். அவரே போன் செய்ததும் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து நின்று பேசினேன்.

மேடம் சொன்னார்: “படம் ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா நீங்க எடுத்தது வெறும் தொப்பி. ஆள் யாருன்னு அடியில பார்த்தாத்தான் தெரியும்.”

சட்டியில் ஒரு காளான்

திரும்ப ஓடினேன், அழுகிவிட்டிருந்தது. பிறகு ஒரு வருஷம் காத்திருந்தேன். இந்தப் பருவத்தின் முதல் நல்ல மழை விட்ட காலையில் வண்டியை எடுக்கிறேன், கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கும், எங்கள் தளத்துக்குப் படம் ஏற்றும் முருகேசனிடமிருந்து ஒரு படம். சட்டியில் நறுக்கிப் போட்ட காளான், கூடவே “சாப்டலாமாண்ணா?” என்று கேள்வி. படத்தைப் பார்த்து யாருக்கும் சாப்பிடலாம் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் தளத்தில் எல்லாருக்கும் பொது விதி. “வேணாம், கொட்டிடு” என்று அனுப்பினேன். பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் இல்லை.

புங்கமரம் ஒரு பக்கம், கீழ்பென்னாத்தூர் ஒரு பக்கம். திட்டிக்கொண்டே கீழ்பென்னாத்தூருக்கு விட்டேன். வழியெல்லாம் ஆம்புலன்ஸ் வருகிறதா என்றுதான் கண் போனது. வாசலில் முருகேசனின் மனைவி சாவகாசமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க வேணாம்னதும் அப்பவே கொட்டிட்டோம்ணா, போனு சார்ஜுல கெடக்குது. கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன், சாப்டுட்டுப் போங்க.”

பௌர்ணமிக்கு முந்தின நாள்

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி நேரே புங்கமரத்துக்குப் போனால், அங்கே பந்தல் நிற்கிறது. மறுநாள் பௌர்ணமி, அன்னதானம். மரத்தடி துடைத்துவிட்டதுபோல இருந்தது. குப்பைக்கூடையின் மேலாக ஆரஞ்சு நிறத்தில் நசுங்கிய துண்டுகள். கூடைக்குள் கையை விட்டுக் கிளறினேன், உருப்படியாக ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. விளக்குமாறோடு நின்ற அம்மாவிடம், இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டே விட்டேன்.

“ஜனங்க உக்காந்து சாப்புடற எடம், பெருக்காம என்னா பண்றது? வேருல இன்னும் மொட்டு கெடக்குது, பந்தல் பிரிச்சதும் வந்து பாருங்க.”

கவிழ்த்த டம்ளர்

பந்தல் பிரித்த மறுநாள் விடிவதற்குள் போய் நின்றேன். முளைத்திருந்தது. மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் எடுத்தேன். காம்போடு தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொப்பியைக் காகிதத்தின்மேல் வைத்து டம்ளரால் மூடினால் ஒரு ராத்திரிக்குள் உள்ளிருக்கும் தூள் கொட்டும். அதன் நிறத்தை மேடத்துக்குச் சொல்ல வேண்டும். என் மனைவி ரேவதி எடுத்துவிடுவாளோ என்று போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேவதி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நான் அதத் தொட மாட்டேன். நீங்கதான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டித் தூக்கித் தூக்கிப் பாத்துனு இருக்கீங்க.”

இரண்டு தீர்ப்பு

காலையில் காகிதத்தில் துரு நிறத்தில் தூள் அச்சு அழகாக விழுந்திருந்தது. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் காளானை மாடியில் ஒரு தட்டில் காயப்போட்டேன். மேடம் ஒரு பெயர் சொன்னார். சாயங்காலம் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இல்லவே இல்லை என்று வேறு பெயர் சொன்னார். இரண்டும் மோதியதில் என் காளான் மறுபடியும் ‘ஏதோ ஒரு காளான்’ ஆகிவிட்டது. மழைக்காலம் முடியும்வரை பொறுக்காமல் அதே வாரம் ஜேசிபி வந்து புங்கமரத்தை வேரோடு பெயர்த்துக்கொண்டு போனது. அந்தக் குழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மேடத்துக்குப் போன் போட்டுப் புலம்பினேன். யாரும் இதுவரை பெயரே வைக்காத காளானாகக்கூட இருக்கலாம், காயவைத்ததை உடனே அனுப்புங்கள், சோதித்துவிடலாம் என்றார். மாடிக்கு ஓடினேன். காளான் காயப்போட்ட தட்டு காலி. பக்கத்தில் இருந்த சுண்டைக்காய் வத்தல் தட்டும் காலி. அடுப்படியில் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

ரேவதி திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியைக் காட்டினாள்: “தனி டப்பால போட்டு, ‘வூட்டுக்காரர் காளான், தொடாதீங்க’னு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க.”

இரண்டு நிபுணர்களும் ஒத்துப்போகிறவரை, மரமும் போய்விட்ட என் காளானுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பெயர் அதுதான்.